எல்லாத்துக்கும் ‘இஸின்ட் இட்’ போட்டால் போதாதா?

மார்ச் 3, மாலை. கேட்டவர்: பதினோராம் தரத்து ஓ.எல். சோதனை எடுக்கப் போகும் ஒரு தம்பி

அண்ணா, தமிழில் ‘தானே’ என்று ஒன்று இருக்கிறது. நீ வருவாய்தானே, அவள் வந்தாள்தானே, மழை பெய்யாதுதானே, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு ‘தானே’தான். சிங்களத்தில் ‘நேத’, அதுவும் ஒன்றுதான். இங்கிலீஷில் மட்டும் ஏன் ஒவ்வொரு வசனத்தின் கடைசியிலும் ஒவ்வொரு கேள்வி வால் (‘குவெஸ்சன் டேக்’)? எல்லாத்துக்கும் ‘இஸின்ட் இட்’ போட்டால் விளங்காதா? ஊரில் எல்லாரும் அப்படித்தான் கதைக்கிறார்கள். சோதனைக்காக மட்டும் இதைப் பாடமாக்க வேணுமா?

மார்ச் 3, இரவு 9.40

விளங்கும் தம்பி. ‘யூ ஆர் கமிங் டுமோரோ, இஸின்ட் இட்?’ என்று கேட்டால் திருகோணமலையில் ஒருத்தருக்கும் விளங்காமல் போகாது, நிலாவெளிக் கடற்கரையில் நிற்கிற வெள்ளைக்காரருக்கும் விளங்கும். ஆனால் இந்த வால்களைப் பாடமாக்க வேண்டும் என்று யார் சொன்னது? அட்டவணை போட்டு நாற்பது வசனத்தை மனப்பாடம் பண்ண வைப்பதால்தான் பிள்ளைகளுக்கு இது கசக்கிறது.

என்னிடம் சனி, ஞாயிறு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுப்பது இவ்வளவுதான். வசனத்தைக் கேள்வியாக மாற்றிப் பாருங்கள். அந்தக் கேள்வியின் முன்னுக்கு வந்து நிற்கிற சொல்தான் வாலின் தலை. ‘த டிரெயின் இஸ் லேட்’ என்றால் கேள்வி ‘இஸ் த டிரெயின் லேட்?’ ரயிலுக்குப் பதிலாக ‘இட்’ போடுங்கள், ‘இஸ் இட்’ கிடைக்கும். வசனம் ‘ஓம்’ பக்கம் நின்றால் வாலை ‘இல்லை’ பக்கம் திருப்ப வேண்டும்: ‘த டிரெயின் இஸ் லேட், இஸின்ட் இட்?’ வசனமே ‘இல்லை’ என்று நின்றால் வால் ‘ஓம்’ பக்கம் திரும்பும்: ‘த டிரெயின் இஸின்ட் லேட், இஸ் இட்?’ இது எப்போதும் இப்படித்தான், விலக்குக் கிடையாது.

துணைவினை கண்ணுக்குத் தெரியாத வசனத்திலும் இதே வழி வேலை செய்யும். ‘ஷீ வென்ட் டு த டெம்பிள்’, அவள் கோயிலுக்குப் போனாள். இதில் ‘இஸ்’ஸும் இல்லை ‘வில்’லும் இல்லை. ஆனால் ‘போனாளா?’ என்று கேட்டுப் பாருங்கள்: ‘டிட் ஷீ கோ?’ ‘வென்ட்’டுக்குள் ஒளிந்திருந்த ‘டிட்’ வெளியே வந்துவிட்டது. ஆகவே ‘டிடின்ட் ஷீ?’ அதே மாதிரி ‘ஹீ செல்ஸ் ஃபிஷ்’ என்பதற்குள் ஒரு ‘டஸ்’ இருக்கிறது, ‘டஸின்ட் ஹீ?’ ‘ஹாவ்’, ‘ஹாஸ்’ வந்தால் அதையே எடுத்துத் திருப்பினால் சரி.

நான் ஏன் இதைப் பெரிதாக எடுக்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

மார்ச் 4, காலை 6.15

நேற்றுக் கடைசியாக எழுதியது பிழை. படுத்த பிறகு நினைவு வந்தது. ‘ஹாவ்’ எப்போதும் துணைவினை இல்லை. ‘ஷீ ஹாஸ் கோன்’ என்றால் ‘ஹாஸின்ட் ஷீ?’, அது சரி. ஆனால் ‘ஷீ ஹாஸ் லன்ச் அட் வன்’, ஒரு மணிக்குச் சாப்பிடுவாள் என்னும்போது ‘ஹாஸ்’ சாப்பிடுகிற வேலையைச் செய்கிறது, துணை வேலையை அல்ல. கேள்வியாக்கிப் பார்த்தால் ‘டஸ் ஷீ ஹாவ் லன்ச்?’ என்றுதான் வரும். ஆகவே ‘டஸின்ட் ஷீ?’

‘ஹாட் டு’வும் இப்படித்தான். கிண்ணியாவுக்குப் பாலம் 2009இல் வந்தது. அதற்கு முன் துறையடியில் பாதைக்குக் காத்து நின்றுதான் அக்கரைக்குப் போக வேண்டும். (வெளியூர் ஆட்களுக்காக: எங்கள் பக்கத்தில் வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக் கடக்கிற மிதவையைப் ‘பாதை’ என்போம், ரோட்டு இல்லை.) ‘பீப்பிள் ஹாட் டு டேக் த ஃபெரி, டிடின்ட் தே?’ இதில் ‘ஹாடின்ட் தே’ போட்ட பிள்ளைகளின் கொப்பிகளை நான் எத்தனையோ தரம் திருத்தியிருக்கிறேன், நேற்று நானே அதற்கு வழி விட்டு எழுதிவிட்டேன். வசனத்தில் கண்ணில் படுகிற சொல்லை இழுத்து வராமல், கேள்வியாக்கிப் பார்த்த பிறகே எழுதுங்கள்.

மார்ச் 4, இரவு 10.20

சரி, அந்தக் காரணம்.

நான் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் சேர்ந்த முதல் வருடம். ஆகஸ்ட் மாதம், சீசன் உச்சத்தில், ஒரு அறை கூட மிச்சம் இல்லை. மத்தியானம் ஒரு ஃபோன் வந்தது, சிகிரியாவில் நிற்கிற ஒரு குடும்பம். மற்றப் பக்கத்தில் ஒரு பெண் களைத்த குரலில் கேட்டார்: ‘யூ டோன்ட் ஹாவ் எ ரூம் ஃபோர் டுநைட், டூ யூ?’ எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. உங்களிடம் இன்றைக்கு அறை இல்லைத்தானே என்று கேட்கிறார். ஓம், இல்லைத்தான். ஆகவே மரியாதையாக ‘யெஸ் மேடம்’ என்றேன். அவர் ‘ஓ, வொண்டர்ஃபுல்’ என்று பெரிய சந்தோஷத்தோடு ஏதோ வேகமாகச் சொல்லி வைத்துவிட்டார். அறை இல்லை என்றதற்கு இவர் ஏன் சந்தோஷப்படுகிறார் என்று ஒரு நொடி யோசித்தேன், பிறகு வேலையில் மறந்துவிட்டேன்.

மாலை ஆறு மணிக்கு வேன் வந்து நின்றது. கணவன், மனைவி, நித்திரையான ஒரு சின்னப் பிள்ளை, நான்கு பெட்டி. நான் அறை இல்லை என்கிறேன். அவர் ‘யூ செட் யெஸ்’ என்கிறார். நான் ‘யெஸ், ஐ செட் யெஸ்’ என்கிறேன். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறோம். அந்தப் பெண்ணின் முகம் எனக்கு இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. கோபம் கூட இல்லை, ‘இந்தப் பிள்ளை ஏன் பொய் சொல்கிறது’ என்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு எட்டு ஒன்பது இடத்துக்கு ஃபோன் பண்ணி உப்புவெளியில் ஒரு வீட்டில் அறை எடுத்து, நானே ஓட்டோவில் முன்னால் போய் வழி காட்டி விட்டுவிட்டு வந்தேன். முகாமையாளர் கேட்டபோதும் ‘நான் இல்லை என்றுதான் சொன்னேன்’ என்று சத்தியம் பண்ணினேன். அதை நான் முழுமனதாக நம்பினேன்.

அடுத்த நாள் எங்கள் ஹோட்டலில் தங்கியிருந்த ஓய்வுபெற்ற ஆங்கிலேய ஆசிரியை ஒருவர், காலைச் சாப்பாட்டு மேசையில் ஒரு கடதாசியில் எழுதிக் காட்டினார். தமிழ்க்காரர் ‘ஓம்’ என்று சொல்வது கேட்டவரின் வசனத்துக்கு: நீங்கள் சொன்னது சரி, அறை இல்லை. ஆங்கிலக்காரர் ‘யெஸ்’ என்று சொல்வது அறைக்கு: அறை இருக்கிறது. கேட்டவர் எப்படிக் கேட்டார் என்பது ‘யெஸ்’ஸுக்குத் தேவையில்லை. இருக்கிறதா, யெஸ். இல்லையா, நோ. அவ்வளவுதான். பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தேன், அங்கே வாலைப் பொருத்தத்தான் சொல்லித் தந்தார்கள். அந்த வாலுக்கு என்ன மறுமொழி சொல்வது என்று ஒருநாளும் ஒருவரும் சொல்லித் தரவில்லை.

ஆகவே தம்பி, சோதனைக்காக மட்டுமா என்று கேட்டீர்கள். வாலைப் பிழையாகப் போட்டால் ஒரு புள்ளி போகும். மறுமொழியைப் பிழையாகச் சொன்னால் ஒரு குடும்பம் இரவில் பிள்ளையோடு ரோட்டில் நிற்கும்.

மார்ச் 5, மதியம்

ஒரு அக்கா, மருத்துவத் தாதி, எழுதியிருக்கிறார்: ‘யூ ஆர்ன்ட் அலர்ஜிக் டு பெனிசிலின், ஆர் யூ?’ என்று கேட்டால் எங்கள் ஆட்கள் ‘யெஸ், யெஸ்’ என்று தலையாட்டுவார்கள், ஒவ்வாமை இல்லை என்ற அர்த்தத்தில். நான் ஹோட்டல் கதை எழுதினேன், இது அதைவிட எத்தனையோ மடங்கு பெரிய விஷயம். அக்கா சொல்வது போல அந்த இடத்தில் வால் வைத்துக் கேட்பதே பிழை, ‘ஆர் யூ அலர்ஜிக்?’ என்று நேராகத்தான் கேட்க வேண்டும். நாங்கள் சொல்கிற பக்கத்தில் இருந்தால், தனி ‘யெஸ்’, தனி ‘நோ’ இரண்டையும் விட்டுவிட்டு துணைவினையையும் சேர்த்துச் சொல்லிப் பழகுவோம். ‘நோ, ஐம் நாட்.’ ‘யெஸ், வீ டூ.’ ‘நோ, வீ டோன்ட்.’ வாயில் முதலில் ‘யெஸ்’ தவறி வந்தாலும் பின்னால் வருகிற ‘டோன்ட்’ காப்பாற்றும், கேட்டவர் குழம்பித் திரும்பக் கேட்பார், அது போதும்.

மார்ச் 5, இரவு

‘அப்படியென்றால் ஆங்கிலக்காரரின் மூளை வேறு மாதிரியா?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. அவர்களுக்கும் இது ஒரு காலத்தில் பிரச்சினைதான், அதனால்தான் சில நூறு வருடங்களுக்கு முந்திய ஆங்கிலத்தில் நான்கு சொல் வைத்திருந்தார்கள். நேராகக் கேட்ட கேள்விக்கு மறுமொழி ‘யே’ அல்லது ‘நே’. ‘இல்லையா’ என்று வைத்துக் கேட்ட கேள்விக்கு ‘யெஸ்’ அல்லது ‘நோ’. அதாவது ‘யெஸ்’ என்றாலே ‘நீ இல்லை என்கிறாய், ஆனால் இருக்கிறது’ என்று மறுக்கிற சொல். 16ஆம் நூற்றாண்டில் தோமஸ் மோர், பைபிளை ஆங்கிலத்தில் பெயர்த்த வில்லியம் டின்டேல் இந்த வித்தியாசத்தைப் பேணவில்லை என்று எழுத்திலேயே கண்டித்திருக்கிறார். பிறகு ‘யே’யும் ‘நே’யும் பேச்சிலிருந்து போய், ‘யெஸ்’ஸும் ‘நோ’வும் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டன. ஆனால் அந்தப் பழைய மறுப்பு ‘யெஸ்’ஸுக்குள் இன்னும் இருக்கிறது. அறை இல்லைத்தானே என்று கேட்ட அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன ‘யெஸ்’ அந்த மறுப்பாகத்தான் கேட்டது.

பிரெஞ்சுக்காரருக்கு இதற்கென்றே ‘சி’ என்று தனிச் சொல் இருக்கிறது, ஜெர்மன்காரருக்கு ‘டோக்’. நிலாவெளியில் நிற்கிற பிரெஞ்சுக்காரர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், மகிழ்ச்சியாகச் சொல்லித் தருவார்கள். ஜப்பானியர் எங்களைப் போலத்தான், கேட்டவரின் வசனத்துக்கு ‘ஹை’ சொல்வார்கள். உலகத்தில் நாங்கள் தனியாள் இல்லை.

மார்ச் 8, இரவு 8.05

இரண்டு மூன்று நாள் எழுத முடியவில்லை. அதற்குள் லண்டனில் வேலை செய்கிற ஒரு அக்கா (பிறந்தது மூதூர்) என் முதல் குறிப்பைப் பிடித்திருக்கிறார். ‘ஓம் என்றால் இல்லை, இல்லை என்றால் ஓம், விலக்குக் கிடையாது என்று எழுதினீர்கள். என் மேலதிகாரி முதல் நாள் என்னிடம் ‘ஸோ யூ ஆர் ஃப்ரம் டிரிங்கோ, ஆர் யூ?’ என்று கேட்டார். இரண்டும் ஓம் பக்கம்தான். அவர் இங்கிலீஷ் தெரியாதவரா?’

அக்கா சரி, நான் எழுதியது பிழை. திருப்பாத வாலும் உண்டு. வித்தியாசம் எங்கே என்றால், திருப்பிய வாலில் எனக்கு ஏற்கனவே தெரிந்ததைச் சொல்லி உங்கள் சம்மதத்தைக் கேட்கிறேன். திருப்பாத வாலில், இப்போதுதான் உங்களிடமிருந்து அறிந்ததை வாங்கித் திருப்பிச் சொல்கிறேன்: ‘ஓ, அப்போ நீங்கள் திருகோணமலையா!’ அதனால்தான் முன்னால் அந்த ‘ஸோ’ அல்லது ‘ஓ’ வருகிறது. அன்பாகவும் சொல்லலாம், சந்தேகத்தோடும் சொல்லலாம். ‘ஸோ யூ ஆர் சிக், ஆர் யூ?’ என்று விடுமுறை கேட்டவரிடம் ஒரு முதலாளி சொன்னால் அதில் நம்பிக்கையின்மை இருக்கிறது. ஆனால் ‘இல்லை’யும் ‘இல்லை’யும் சேர்ந்து வருவதை இப்போது கேட்கவே முடியாது, அதை எழுத வேண்டாம்.

சோதனைக்குப் போகிற பிள்ளைகள் திருப்பியே எழுதுங்கள். யாராவது திருப்பாமல் பேசினால் பிழை என்று நினைக்காதீர்கள், அவ்வளவுதான்.

மார்ச் 8, இரவு 8.50

அதோடு சேர்ந்தது ஒன்று: குரல். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். வாலின் குரல் இறங்கினால் அது கேள்வியே இல்லை, ஏறினால்தான் உண்மையான கேள்வி. ‘இட்ஸ் ஹொட், இஸின்ட் இட்’ என்று குரலை இறக்கிச் சொல்கிறவர் வெப்பநிலையைக் கேட்கவில்லை, உங்களோடு இரண்டு வார்த்தை கதைக்க வருகிறார். எங்கள் ஊரில் ‘வெயில் கடுமை, என்ன?’ என்று சொல்கிறோமே, அந்த ‘என்ன’ இதுதான். தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் முதல் தரம் இதைக் கேட்டபோது நான் எதையோ விசாரிக்கிறேன் என்று நினைத்தார். வரவேற்பு மேசையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெடியன் ‘லவ்லி மோர்னிங், இஸின்ட் இட்’ என்றவரிடம் ‘ஒன் மினிட் சேர்’ என்று சொல்லி ஃபோனில் வானிலை பார்க்கப் போனான். நல்ல பிள்ளை, கேட்டதற்குச் சரியான தகவல் கொடுக்க வேண்டும் என்று நினைத்தான். ‘இட் இஸ்’ என்று ஒரு சிரிப்போடு சொன்னால் போதும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

தமிழ் பேசுகிறவர்கள் எல்லா வாலையும் ஏற்றியே சொல்கிறோம். அப்படிச் சொன்னால் கேட்கிறவருக்கு ஒவ்வொன்றும் விசாரணை மாதிரி இருக்கும். இறக்கிப் பழகுங்கள். வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் இது வராது.

மார்ச் 10, ஞாயிறு, பின்னேரம்

இன்றைக்குப் பிள்ளைகளைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன், வகுப்பும் அங்கேயே. ஃபிரெடெரிக் கோட்டை வாசலால் உள்ளே போகும்போதே மான்கள் நின்றன. ஒவ்வொருவரும் கண்ணில் பட்டதைச் சொல்ல வேண்டும், மற்றவர் வால் போட வேண்டும். புத்தகத்தில் இருக்கிற எல்லாச் சிக்கலும் அரை மணித்தியாலத்தில் தானாக வந்துவிட்டது.

‘தோஸ் டியர் ஆர்ன்ட் அஃப்ரெய்ட் ஒஃப் அஸ், ஆர் தே?’ ‘தோஸ்’, ‘தீஸ்’ எல்லாம் வாலில் ‘தே’. ‘திஸ்’, ‘தாட்’ இரண்டும் ‘இட்’. ஒரு பிள்ளை ‘ஆர் தோஸ்?’ என்றாள், அது வராது.

‘தேர் யூஸ்ட் டு பி எ பிகர் டெம்பிள் ஹியர், டிடின்ட் தேர்?’ இந்த ஒரு வசனத்தில் இரண்டு சிக்கல். ‘யூஸ்ட் டு’வுக்கு வால் ‘டிடின்ட்’. அதோடு ‘தேர்’ என்று தொடங்கினால் வாலும் ‘தேர்’தான், ‘இட்’ அல்ல. பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்து, அந்தக் கல்லையே கொண்டுபோய்க் கோட்டை கட்டினார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தபோது இந்த வசனத்தை ஒரு பெடியன் தானாகக் கட்டினான். வாலைச் சரியாகவும் போட்டான். எனக்கு அங்கேயே அவனைத் தூக்க வேண்டும் போல இருந்தது.

‘நோபடி ஜம்ப்ஸ் ஃப்ரம் ஹியர், டு தே?’ சுவாமி மலை விளிம்பில் நின்று கீழே பார்த்துக் கேட்டது. ‘நோபடி’க்குள்ளேயே இல்லை இருக்கிறது, ஆகவே வால் ஓம் பக்கம். அதோடு ‘நோபடி’, ‘எவ்ரிபடி’, ‘சம்வன்’ எல்லாவற்றுக்கும் வாலில் ‘தே’, வினை மட்டும் ‘ஜம்ப்ஸ்’ என்று ஒருமையில் நிற்கும். பொருளாக இருந்தால், ‘நத்திங்’, ‘எவ்ரிதிங்’ என்றால், ‘இட்’. ‘நெவர்’, ‘ஹார்ட்லி’, ‘ரேர்லி’, ‘செல்டம்’ இவையும் இல்லையை உள்ளே வைத்திருக்கிற சொற்கள்தான். ‘ஃபியூ’வும் அப்படித்தான்: ‘ஃபியூ போட்ஸ் கோ டு பிஜன் ஐலன்ட் இன் டிசம்பர், டு தே?’ (பிஜன் ஐலன்ட் என்பது எங்கள் புறாமலைத் தீவு.) வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கிற மாதம், அனேகமாகப் போகாது என்பதுதான் பொருள். ஆனால் ‘எ ஃபியூ’ என்றால் சில போகின்றன, ஓம் பக்கம், ‘டோன்ட் தே?’ ஒரே ஒரு ‘எ’ வாலையே திருப்பிவிடுகிறது பாருங்கள்.

‘ஐ ஆம் லேட், ஆர்ன்ட் ஐ?’ இதுதான் பிள்ளைகளுக்கு மிகவும் கோபம் வரவைப்பது. ‘ஐ ஆர்’ என்று எங்கும் சொல்லாதபோது வாலில் மட்டும் எப்படி ‘ஆர்ன்ட்’? பிள்ளைகளின் கேள்வி நியாயமானது. ‘ஆம் நாட்’ சுருங்கினால் ‘ஆம்ன்ட்’ வர வேண்டும், ஸ்கொட்லாந்திலும் அயர்லாந்திலும் அப்படியே சொல்கிறார்கள். இங்கிலாந்தில் அது ‘ஆன்ட்’ என்று தேய்ந்தது. ‘ஆர்ன்ட்’டில் ‘ர்’ ஒலிக்காமல் சொல்கிறவர்களின் வாயில் இரண்டும் ஒரே ஒலி, ஆகவே எழுத்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. மிகவும் மரியாதையான இடத்தில் ‘ஆம் ஐ நாட்?’ எழுதலாம். பேச்சில் அது விறைப்பாக இருக்கும்.

பிள்ளைகளுக்குக் காரணம் சொன்னால் மறக்க மாட்டார்கள். ‘இது விலக்கு, பாடமாக்கு’ என்று சொல்லித்தான் கெடுக்கிறோம்.

மார்ச் 10, இரவு

விட்டுப் போனது: ‘ஐ டோன்ட் திங்க் த நைட் மெயில் ஹாஸ் கம், ஹாஸ் இட்?’ இதில் வால் ‘ஐ டோன்ட் திங்க்’குக்கு இல்லை, உள்ளே இருக்கிற ரயிலுக்கு. ‘டு ஐ?’ என்று போட்டால் நான் நினைக்கிறேனா என்று உங்களிடம் கேட்கிற மாதிரி ஆகிவிடும். ‘டோன்ட்’டில் இருக்கிற இல்லையும் உண்மையில் ரயிலுக்கே உரியது, அதனால் வால் ஓம் பக்கம்.

மார்ச் 13, காலை

கட்டளை வசனங்களைக் கேட்டவருக்கு. ‘லெட்ஸ் கோ’வுக்கு ‘ஷல் வீ?’ மற்றக் கட்டளைகளுக்கு ‘வில் யூ?’ என்று பாடப் புத்தகம் சொல்லும், சோதனையில் அதையே எழுதுங்கள். ஆனால் ஹோட்டலிலோ படகிலோ வேலை செய்கிற தம்பிமாருக்கு ஒன்று சொல்கிறேன், விருந்தாளியிடம் ‘வெயிட் ஹியர், வில் யூ’ என்று சொல்லாதீர்கள். கேட்கிறவர் காதில் அது பொறுமையிழந்த ஆள் ஏவுகிற மாதிரி விழும். புத்தகத்தில் சரியான வசனம் வாயில் மரியாதை இல்லாமல் போகும் இடம் இது. அழைக்கிறபோது ‘ஹாவ் எ சீட், வோன்ட் யூ?’ என்பது மென்மை. அதையும் விட ‘வுட் யூ லைக் டு வெயிட் ஹியர்?’ என்று வாலே இல்லாமல் கேட்பது நல்லது.

மார்ச் 16, இரவு 9.10

கேள்வியைத் தொடங்கிய தம்பி திரும்ப எழுதியிருக்கிறார்: ‘எல்லாம் சரி அண்ணா. ஆனால் ஊரில் ‘யூ ஆர் கமிங், நோ?’ என்று சொல்கிறோமே, அது பிழையா?’

இல்லை தம்பி. இதில் எனக்கு முன்பு வேறு கருத்து இருந்தது, பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன், இப்போது மாறிவிட்டேன். இந்த ‘நோ’ இலங்கை இங்கிலீஷின் சொந்தச் சொல். கச்சேரியிலும் (அரச அலுவலகம்) வங்கியிலும் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள், அதில் ‘தானே’யும் ‘நேத’வும் சேர்ந்து இருக்கின்றன. லண்டன் பெடியன்கள் எல்லாவற்றுக்கும் ‘இன்னிட்’ போடுகிறார்கள், பிரெஞ்சில் ‘நெஸ்பா’ ஒன்றே போதும். எங்களுக்குள் கதைக்கும்போது ‘நோ’ போடுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. சோதனைத் தாளிலும் வேலைக்கான நேர்முகத்திலும் முழு வாலைப் போடுங்கள். இரண்டையும் எங்கே எது என்று தெரிந்து பேசுகிறவருக்குத்தான் மொழி கைக்குள் இருக்கிறது. ஆனால் மறுமொழி விஷயத்தில் மட்டும் நான் மாறவே மாட்டேன். அது எந்த இங்கிலீஷாக இருந்தாலும்.

மார்ச் 24, இரவு

அந்தத் தம்பியின் தகப்பன் நிலாவெளியிலிருந்து புறாமலைக்குப் படகு ஓட்டுகிறார் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். தம்பி எழுதியதை அப்படியே சொல்கிறேன். போன வருடம் ஒரு அம்மா படகில் ஏற முன் கேட்டாராம்: ‘தேர் ஆர்ன்ட் எனி ஷார்க்ஸ், ஆர் தேர்?’ புறாமலையில் செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் கரையோரத்திலேயே திரியும், பொதுவாக ஆட்களை ஒன்றும் செய்யாது, அதைப் பார்க்கவே பலர் வருகிறார்கள். தகப்பன் தமிழில் நினைத்தார்: ‘இல்லை, இருக்கு.’ வாயில் ‘நோ, நோ மேடம், ஹாவ்’ என்று வந்தது. அந்த அம்மா ‘நோ’வை மட்டும் பிடித்துக்கொண்டு சந்தோஷமாக ஏறிவிட்டார். முழங்கால் தண்ணீரில் சுறாவைக் கண்டு அலறியதில் காலைப் பவளப்பாறையில் வெட்டிக்கொண்டாராம்.

நான் இவ்வளவு நாளும் ‘ஓம்’ பிழைத்துப் போவதையே எழுதினேன், ‘இல்லை’யும் அதே அளவு பிழைக்கும் என்று யோசிக்கவில்லை.

தம்பி, தகப்பனுக்கு இந்த ஒரு வசனத்தை மட்டும் சொல்லிக் கொடுங்கள்: ‘யெஸ், தேர் ஆர், பட் தே ஆர் ஸ்மோல் அண்ட் தே டோன்ட் பைட்.’ ‘யெஸ்’ஸை முதலில் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, பிறகு மிச்சத்தைச் சொல்லட்டும்.

மார்ச் 25, காலை 7.30

தம்பியிடமிருந்து: ‘அப்பா நேற்று இரவு சாப்பிடும்போது இருபது தரம் சொல்லிப் பார்த்தார். ‘பைட்’ மட்டும் ‘பைற்’ என்று வருகிறது. பரவாயில்லையா?’

பரவாயில்லை. வடிவாக விளங்கும்.